அப்பார்ட்மென்ட் வீட்டுக்கு மின்காரா, ஹைப்ரிடா?

கேள்வி இது: சென்னையில் அப்பார்ட்மென்ட் வீடு. அலுவலகம் போய்வர தினம் 40 கிலோமீட்டர். வருடத்தில் நாலைந்து முறை குடும்பத்தோடு மதுரை. ஆன்ரோடு 20 லட்சம் வரை போகலாம். மின்கார், பிளக்-இன் ஹைப்ரிட், ஹைப்ரிட் மூன்றில் எது?

சுருக்கமான பதில்: உங்கள் பார்க்கிங்கில் உங்கள் பேரில் ஒரு 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் வருமென்றால் மின்கார். வராது என்றால் ஸ்ட்ராங் ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினோடு, கொஞ்ச தூரம் தனியாகவே காரை ஓட்டக்கூடிய மின்மோட்டாரும் உள்ளது. பிளக்-இன் ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினோடு, வீட்டில் செருகி சார்ஜ் செய்யும் பேட்டரியும் உள்ளது) இந்த விலையில் இந்தியாவில் கிடையாது, சொகுசு கார்களில்தான் அது இருக்கிறது. இனி விரிவாக.

முதலில் ஒரு எச்சரிக்கை. 'ஹைப்ரிட்' என்று பின்கதவில் எழுதியிருப்பதெல்லாம் ஹைப்ரிட் இல்லை. மைல்டு ஹைப்ரிட், ஸ்மார்ட் ஹைப்ரிட் என்று விற்பவற்றில் ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டரும் சேர்ந்த ஒரு சின்ன மோட்டார்தான் உண்டு. சிக்னலில் இன்ஜினை அணைக்கும், கிளம்பும்போது லேசாகத் தள்ளிவிடும். மின்சாரத்தில் மட்டும் ஒரு அடிகூட கார் நகராது. மைலேஜில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம். ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இன்ஜின் அணைந்திருக்கும்போது கார் மின்சாரத்திலேயே ஓடுமா?" ஓடினால்தான் ஸ்ட்ராங் ஹைப்ரிட். மாருதியின் கிராண்ட் விட்டாரா, டொயோட்டாவின் ஹைரைடர் இரண்டிலுமே மைல்டு, ஸ்ட்ராங் என இரு வகையும் உண்டு என்பதால் வேரியன்ட் பெயரைப் பார்த்து புக் செய்யுங்கள்.

ஸ்ட்ராங் ஹைப்ரிட் எப்படி மிச்சம் பிடிக்கிறது என்பது தெரிந்தால் யாருக்கு அது பயன்படும் என்பதும் தெரிந்துவிடும். ஹைரைடரில் இருப்பது 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் இன்ஜின், அதோடு சுமார் 80 பிஎஸ் மோட்டார். பேட்டரி வெறும் 0.76 கிலோவாட்-அவர் (ஒரு கிலோவாட்-அவர் என்பது மின் மீட்டரில் ஒரு யூனிட்). மின்காரின் 45 கிலோவாட்-அவர் பேட்டரியோடு ஒப்பிட்டால் அறுபதில் ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டர், ஒன்றரைக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்ஜினைக் கூப்பிட்டுவிடும். ஆனால் பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் மோட்டார் ஜெனரேட்டராகி அந்த வேகத்தைப் பேட்டரிக்கு அனுப்புகிறது. அடுத்த சிக்னலில் அதே மின்சாரத்தில் கார் கிளம்புகிறது. இன்ஜின் சிக்கனமாக ஓடக்கூடிய நேரத்தில் மட்டும் ஓடுகிறது. கிண்டியிலோ வேளச்சேரியிலோ ஊர்ந்து போகும்போதுதான் இதற்குக் கொண்டாட்டம். சாதாரண பெட்ரோல் கார் லிட்டருக்கு 10-12 கிலோமீட்டர் கொடுக்கும் நெரிசலில் இது 20-24 கொடுக்கும். நான்குவழிச் சாலையில் 110-இல் சீராகப் போனால் மீட்டெடுக்கப் பிரேக்கே இல்லை, 18-19க்கு இறங்கிவிடும். கம்பெனி சொல்லும் 27.97 சோதனைக்கூடத்து எண்.

ஆகவே ஓட்டமெல்லாம் பைபாஸில் என்றால் ஹைப்ரிடுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் பொருளில்லை. நெடுஞ்சாலையில் பெட்ரோல் காருக்கும் அதற்கும் கிலோமீட்டருக்கு அறுபது எழுபது பைசாதான் வித்தியாசம்.

இப்போது கணக்கு. ஊருக்குள் மாதம் 1,200 கி.மீ. என்று வைப்போம். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்றும் கொள்வோம். ஊருக்குள் 14 கொடுக்கும் பெட்ரோல் கார் மாதம் 8,650 ரூபாய் கேட்கும். 22 கொடுக்கும் ஹைப்ரிட் 5,500. மின்காருக்குக் கணக்கு கொஞ்சம் சுற்றி வரும், ஏனென்றால் நம் மின்கட்டணம் அடுக்கு முறை.

நடுத்தர மின்கார் ஊருக்குள் ஏசியோடு ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் ஓடும். சுவரிலிருந்து பேட்டரிக்குள் போவதற்குள் பத்துப் பன்னிரண்டு சதவீதம் சூடாகப் போய்விடுவதால் மீட்டரில் ஏறுவது 6.2 கிலோமீட்டருக்கு ஒரு யூனிட். இரண்டு மாதத்தில் 2,400 கி.மீ. என்றால் 387 யூனிட். வீட்டில் ஏற்கனவே 400 யூனிட் ஓடுகிறது என்றால் மொத்தம் 787. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 500 யூனிட்டைத் தாண்டியதும் கூடுதல் யூனிட்டுகளின் விலை ஏறுவதோடு, கீழ் அடுக்கில் இருந்த மானியமும் குறைகிறது. 2024 ஜூலை கட்டணப்படி 1,200க்குள் வந்துகொண்டிருந்த பில் 4,600ஐத் தாண்டும். கூடுதல் சுமார் 3,500 ரூபாயை 387ஆல் வகுத்தால் காருக்குப் போன ஒவ்வொரு யூனிட்டும் சுமார் ஒன்பது ரூபாய். சிலர் சொல்வதுபோல நாலரை ரூபாய் இல்லை. அப்படியும் மாதம் 1,800 ரூபாய்க்குள் முடிகிறது, கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்.

வீட்டில் சார்ஜ் செய்ய வழியில்லாமல் வெளியே டிசி ஃபாஸ்ட் சார்ஜரை மட்டும் நம்பினால்? வரியோடு யூனிட் 24 ரூபாய் என்று வைத்தால் ஊருக்குள் கிலோமீட்டருக்கு 3.60. ஹைப்ரிடுக்கு 4.60. மாதம் மிச்சம் 1,200 ரூபாய். அதற்காக வாரம் ஒன்றரை முறை முக்கால் மணி நேரம் சார்ஜர் பக்கத்தில் உட்கார வேண்டும், அதுவும் இடம் காலியாக இருந்தால். எனக்கு இது கட்டுபடியாகும் கணக்காகத் தெரியவில்லை. அதனால்தான் பார்க்கிங் பிளக்கை முதல் வரியில் வைத்தேன்.

வாங்கும் விலையில் அரசு மின்காரின் பக்கம் நிற்கிறது. மின்காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். நான்கு மீட்டருக்கு மேல் நீளமான ஹைப்ரிடுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். சந்தையில் இருக்கும் ஸ்ட்ராங் ஹைப்ரிடுகள் எல்லாம் அந்த நீளத்தைத் தாண்டியவை. தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல், 20 லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி 18 சதவீதம். ஹைப்ரிடுக்கு இங்கே சலுகை இல்லை, 17 லட்ச ரூபாய் காருக்கு மூன்று லட்சத்துக்கு மேல் போய்விடும். மின்காருக்கு முழு விலக்கு கொடுத்து வந்திருக்கிறார்கள். அந்த அரசாணைக்குக் கெடு தேதி உண்டு, காலம் முடிய முடிய நீட்டித்தும் வந்திருக்கிறார்கள். ஆகவே பதிவு நாளன்று எந்த நிலை என்பதை டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியத்தில் மின்காருக்கு 15, ஹைப்ரிடுக்கு 7.5 சதவீதத் தள்ளுபடி உண்டு, ஆனால் தொகை சிறியது.

ஒரே மாடலில் பெட்ரோலுக்கும் ஸ்ட்ராங் ஹைப்ரிடுக்கும் இரண்டு லட்சம் வித்தியாசம் என்றால், மாதம் 1,200 கி.மீ. ஊருக்குள் ஓட்டுபவருக்கு ஐந்தே கால் வருடத்தில் அது திரும்பிவிடும். மாதம் 500 கி.மீ.தான் என்றால் பன்னிரண்டு வருடத்துக்கு மேல். அப்படிப்பட்டவர் சாதாரண பெட்ரோல் கார் வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தை வங்கியில் போடலாம்.

சரி, அப்பார்ட்மென்டில் பிளக் பாயின்ட் வாங்குவது எப்படி? இதற்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024இல் செய்த திருத்தப்படி மின்வாகனம் சார்ஜ் செய்யத் தனி இணைப்பு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. குடியிருப்போர் சங்கமும் பொதுவாக ஒன்று கேட்கலாம். நடைமுறையில் மூன்று வழி: உங்கள் வீட்டு மீட்டரிலிருந்தே கேபிள் இழுப்பது, தனி இணைப்பு, பொதுப் பயன்பாட்டு மீட்டரிலிருந்து எடுத்து சப்-மீட்டர் வைத்துச் சங்கத்துக்குப் பணம் கட்டுவது. கடைசி வழி சண்டையில் முடிவது வழக்கம். மீட்டர் அறை தரைத்தளத்தில் இருந்து, பார்க்கிங்கும் அங்கேயே இருந்தால் முதல் வழிதான் எளிது.

7.2 கிலோவாட் சார்ஜர் வேண்டும் என்று டீலர் வற்புறுத்துவார். உங்களுக்கு அது தேவையில்லை. தினம் 40 கிலோமீட்டருக்கு ஆறரை யூனிட் போதும். 15 ஆம்பியர் பாயின்டில் சுமார் 3 கிலோவாட் வரும். இரண்டேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ராத்திரி பத்து மணி நேரம் விட்டால் 180 கிலோமீட்டருக்கான சார்ஜ் ஏறும். 7.2 சார்ஜர் ஒரே பேஸில் 32 ஆம்பியர் இழுக்கும். வீட்டுக்கு மூன்று பேஸ் இருந்தாலும் கார் ஒன்றில்தான் தொங்கும். அதே பேஸில் இரண்டு ஏசியும் ஹீட்டரும் இருந்தால் நடுராத்திரி எம்சிபி (சுமை கூடினால் தானாக அணையும் சுவிட்ச்) விழும், காலையில் கார் பாதி சார்ஜில் நிற்கும். அனுமதிக்கப்பட்ட மின்சுமையையும் உயர்த்த வேண்டியிருக்கும்.

15 ஆம்பியர் பாயின்ட் என்றாலும் பழைய வாஷிங் மெஷின் பாயின்டில் செருகக் கூடாது. ஹீட்டர் கால் மணி நேரம் ஓடி நிற்கும். கார் தொடர்ந்து எட்டு மணி நேரம் 13-14 ஆம்பியர் இழுக்கும். மலிவான சாக்கெட்டில் ஸ்க்ரூ தளர்ந்து, சூடாகி, பிளாஸ்டிக் உருகும். நல்ல தரமான இண்டஸ்ட்ரியல் சாக்கெட், மீட்டர் போர்டிலிருந்து வேறு எதற்கும் பிரியாத தனி வயர், 4 சதுர மி.மீ. செம்பு, 20 ஆம்பியர் எம்சிபி, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்ததும் தானாக அணையும் சுவிட்ச்). ஏ டைப் என்று கேட்டு வாங்குங்கள், வீடுகளில் சாதாரணமாகப் போடும் ஏசி டைப் இதற்குப் போதாது. 32 ஆம்பியர் சார்ஜர்தான் வேண்டும் என்றால் 6 சதுர மி.மீ. தேவை, தூரம் 40 மீட்டரைத் தாண்டினால் 10. இல்லையென்றால் வயரிலேயே பத்துப் பதினைந்து வோல்ட் விழுந்துவிடும். மாதம் ஒருமுறை சார்ஜ் ஏறும்போது பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்த வேண்டும்.

சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து கார் சார்ஜ் ஏறாமல் நின்றால் பத்தில் எட்டு முறை குற்றவாளி எர்த்தான். பழைய கட்டடங்களில் எர்த் குழி காய்ந்து கிடக்கும், அல்லது எர்த் வயர் எங்கோ விடுபட்டிருக்கும். மிக்ஸியும் ஃபிரிட்ஜும் அதைப் பொருட்படுத்தாமல் ஓடும். கார் சார்ஜர் சோதித்துப் பார்த்துவிட்டு மறுத்துவிடும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியன் முதலில் எர்த்தைச் சரிசெய்யட்டும். எர்த்தையும் நியூட்ரலையும் சாக்கெட்டில் இணைத்து விளக்கை ஏமாற்றும் வித்தை ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. அதைச் செய்ய யாரையும் விடாதீர்கள். நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பு முழுக்க மின்சாரம் பாயும்.

மதுரைப் பயணத்துக்கு வருவோம். 460 கிலோமீட்டர். 45 கிலோவாட்-அவர் பேட்டரி கார் 100 கி.மீ. வேகத்தில் யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்று கணக்கிட்டால் முழுச் சார்ஜில் 270. பதினைந்து சதவீதத்துக்குக் கீழே இறக்க வேண்டாம் என்றால் கையில் 230. அதாவது உளுந்தூர்பேட்டையைத் தாண்டித் திருச்சிக்கு முன்னால் ஒரு நிறுத்தம் கட்டாயம். 15இலிருந்து 80 வரை ஏற்ற நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். அந்த 65 சதவீதத்தில் 175 கி.மீ. போகலாம், ஆகவே மதுரைக்குள் நுழையும் முன் இன்னொரு சின்ன நிறுத்தமும் தேவைப்படும். 80க்கு மேல் வேகம் குறைந்துவிடும். 100 வரை காத்திருப்பது நேர விரயம். '60 கிலோவாட்' என்று பலகையில் இருக்கும் சார்ஜரில் இரண்டு கன் (காரில் செருகும் முனை) இருந்தால், பக்கத்தில் ஒரு கார் வந்ததும் உங்களுக்கு 30 ஆகிவிடலாம். மூன்று நான்கு நிறுவனங்களின் ஆப்பை வீட்டிலேயே பதிவு செய்து, வாலட்டில் கொஞ்சம் பணம் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். பொங்கல், தீபாவளிக்கு முந்தைய இரவுகளில் திருச்சி சாலையில் வரிசை நிற்கும். அந்த நாட்களில் விடியற்காலையில் புறப்படுவது அல்லது ரயிலில் போவது உத்தமம். வருடத்துக்கு நாலைந்து முறை என்பதால் இதைச் சகித்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை மதுரை என்றால் என் பதில் ஹைப்ரிடுக்கு மாறியிருக்கும்.

மலைப்பாதை பற்றியும் ஒரு வார்த்தை. கொடைக்கானலுக்குச் சமவெளியிலிருந்து ஏறுவது சுமார் 1,800 மீட்டர். ஆட்களோடு 1,700 கிலோ எடையுள்ள காரை அந்த உயரம் தூக்க மட்டுமே எட்டு யூனிட்டுக்கு மேல் வேண்டும், அதாவது பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு. இதை வழக்கமான செலவோடு கூட்டிக்கொள்ளுங்கள். இறங்கும்போது பாதிக்கு மேல் திரும்பக் கிடைக்கும், பேட்டரியில் இடம் இருந்தால். மலைமேல் ஓட்டலில் 100 சதவீதம் ஏற்றிவிட்டு இறங்கினால் ரீஜென் (பிரேக் போடும்போது மின்சாரத்தை மீட்பது) வேலை செய்யாது, முழுப் பாரமும் பிரேக் பேடில் விழும். 80-85இல் நிறுத்திவிட்டு இறங்குங்கள். ஹைப்ரிடில் அந்த 0.76 பேட்டரி முதல் சில கொண்டை ஊசி வளைவுகளிலேயே நிரம்பிவிடும். அப்புறம் 'பி' மோடுக்கு மாற்றி இன்ஜின் பிரேக்கிங்கில்தான் வர வேண்டும். பலர் அந்த எழுத்தை வண்டி விற்கும்வரை தொடுவதே இல்லை.

பிளக்-இன் ஹைப்ரிட் காகிதத்தில் மிக அழகானது. 10 முதல் 20 கிலோவாட்-அவர் பேட்டரி, வீட்டில் செருகினால் 50-80 கிலோமீட்டர் மின்சாரத்தில், தூரப் பயணத்துக்குப் பெட்ரோல். உங்கள் தினசரி 40 கிலோமீட்டருக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி. சிக்கல் மனிதர்களிடம் இருக்கிறது. 2021இல் பதிவான கார்களின் நிஜப் பயன்பாட்டுத் தரவை வைத்து ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கையில், பிளக்-இன் ஹைப்ரிடுகள் சோதனையில் காட்டியதைப்போல் சுமார் மூன்றரை மடங்கு கார்பன் உமிழ்ந்ததாகத் தெரிந்தது. வாங்கியவர்கள் எதிர்பார்த்த அளவு செருகவில்லை. செருகாவிட்டால் அது கனமான பெட்ரோல் கார். செருக முடிந்தவருக்கோ முழு மின்காரே போதுமானதாகிவிடுகிறது. இரண்டு இயந்திரத்துக்கும் சர்வீஸ், பெரும்பாலான மாடல்களில் டிசி ஃபாஸ்ட் சார்ஜ் கிடையாது, மாதக்கணக்கில் ஓடாத இன்ஜினில் பெட்ரோல் பழசாவது என்று தொல்லைகள் தனி. சீனாவில் பெரிய பேட்டரியோடு மலிவாக வந்து ஏராளமாக விற்கிறது. இங்கே 40 சதவீத வரியில் அதே கதை நடக்காது. இதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

பேட்டரி எத்தனை வருடம் வரும் என்பது எல்லோருக்கும் உள்ள பயம். இங்கே வெயில்தான் எதிரி. முதல் தலைமுறை நிசான் லீஃபில் பேட்டரியைக் குளிர்விக்கத் தனி அமைப்பே இல்லை, சூடான ஊர்களில் அது வேகமாகத் தேய்ந்தது. இன்றைக்கு நீங்கள் பார்க்கும் பெரும்பாலான மின்கார்களில் திரவக் குளிர்விப்பு உண்டு, இல்லாததை வாங்காதீர்கள். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி வெயிலையும் முழுச் சார்ஜையும் நன்றாகத் தாங்கும், வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றினால்தான் காரின் சார்ஜ் மீட்டர் சரியாகக் காட்டும். என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) வகை என்றால் தினசரி 80இல் நிறுத்துவது நல்லது. வாரன்டியில் எட்டு வருடம், 1,60,000 கி.மீ. என்பது வழக்கம். அதற்குமேல் 'ஆயுள் முழுக்க' என்று சொல்வது பெரும்பாலும் முதல் உரிமையாளருக்கு மட்டும். மறுவிற்பனை விலையை அந்த வரி பாதிக்கும், படித்துப் பாருங்கள்.

ஹைப்ரிட் பேட்டரி முதுமையடைவதை இலங்கையில் பார்க்கலாம். ஜப்பானிலிருந்து போன டொயோட்டா பிரியஸ், அக்குவா ஹைப்ரிட் கார்கள் அங்கே பத்துப் பதினைந்து வருடம் ஓடுகின்றன. பழைய பிரியஸ் பேட்டரி 28 மாட்யூல்கள் சேர்ந்தது. ஒன்று போனால் அதை மட்டும் மாற்றித்தருவார்கள். சில மாதத்தில் பக்கத்து மாட்யூல் போகும், ஏனென்றால் எல்லாம் ஒரே வயது. பழைய ஹைப்ரிட் வாங்குபவர் முழு பேட்டரி மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேச வேண்டும். புதிய ஹைப்ரிட் வாங்குபவர் கவனிக்க வேண்டியது பின்சீட் அருகே இருக்கும் காற்றுத் துவாரம். பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறி அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. அங்கே துணிப்பை, குழந்தையின் போர்வை எதையும் அடைக்காதீர்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் அதன் ஃபில்டரைத் தட்டச் சொல்லுங்கள்.

சென்னை என்பதால் மழை. பேட்டரிப் பெட்டிக்கு ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள், இரண்டு நாள் பேஸ்மென்டில் மூழ்கிக் கிடப்பதற்கு அல்ல. மூழ்கிய காரை, எந்த வகையானாலும், ஆன் செய்யாமல் இழுத்துப் போக வேண்டும். ஹைப்ரிடில் ஒரு தனி ஆபத்து: தண்ணீருக்குள் மின்சாரத்தில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும்போது பேட்டரி குறைந்ததும் இன்ஜின் தானாக உயிர்பெறும், காற்றோடு தண்ணீரையும் உறிஞ்சும், கனெக்டிங் ராடு வளையும். இன்சூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆனும், மின்காருக்குப் பேட்டரி, சார்ஜர் ஆட்-ஆனும் சேர்த்து எடுங்கள்.

இன்னொன்று. இரண்டு வகையிலும் பெரிய பேட்டரியில் சார்ஜ் நிறைய இருந்தாலும் 12 வோல்ட் சின்ன பேட்டரி செத்தால் கார் ரிமோட்டில் திறக்காது, கிளம்பாது, தள்ளியும் ஸ்டார்ட் ஆகாது. மூன்று நான்கு வாரம் ஊரில் இல்லையென்றால் யாரையாவது வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஆன் செய்து வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் விஷயத்தில் வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும். இந்த வாரமே எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய் மீட்டர் அறையிலிருந்து உங்கள் பார்க்கிங் வரை நாடாவால் அளந்து, கேபிள் வழியைத் தீர்மானியுங்கள். சங்கத்துக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, அனுமதியையும் எழுத்தில் வாங்குங்கள். கையெழுத்து வந்த பிறகு மின்காருக்கு முன்பணம் கட்டுங்கள். இரண்டு மாதம் இழுத்தடித்தால் ஸ்ட்ராங் ஹைப்ரிடை புக் செய்யுங்கள். ஆனால் அதற்குமுன் உங்கள் குடும்பத்தின் பெட்டிகளை ஷோரூமுக்கு எடுத்துப்போய் டிக்கியில் வைத்துப் பாருங்கள். பேட்டரி பின்னால் இருப்பதால் ஹைரைடர் ஹைப்ரிடில் டிக்கி இடம் பெட்ரோல் வகையைவிடக் கணிசமாகக் குறைவு, ஹோண்டா சிட்டி ஹைப்ரிடில் 506 லிட்டர் 306 ஆகியிருக்கிறது.